தனித்தொகுதியில் வேட்பாளரைக் கேள்வி கேட்பது யார்?

"நம்ம எம்.பி. அப்படி என்னதான் செய்தார்?" தேர்தல் நெருங்கும்போது ஆரணி, பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டாரத்து டீக்கடைகளில் இந்தக் கேள்வி தவறாமல் வரும். ஆனால் அது வரும் நேரத்தில் வேட்பாளர் பெயர் அறிவிக்கப்பட்டு, சுவரில் சின்னமும் வரைந்து முடித்திருப்பார்கள். அதற்குப் பிறகு அந்தக் கேள்வி கோபமாகவோ கேலியாகவோ கரைந்து போகும். வாக்களிக்கும் நாளில் கட்சி பார்ப்போம், கூட்டணி பார்ப்போம். கேட்ட கேள்வி கேட்டபடியே நின்றுவிடும்.

இந்தக் கேள்வியை, வேட்பாளரை முடிவு செய்வதற்கு முன்பே கேட்க முடியுமா? பொதுத்தொகுதி வாக்காளரை விடத் தனித்தொகுதியில் வாழும் தலித் மக்களுக்கு இது முக்கியமான கேள்வி. ஒரு காலத்தில் இந்த நாட்டில் சட்டப்படி அந்த உரிமை இருந்தது. அது தலித் மக்களுக்கு மட்டுமே இருந்தது என்பதைப் படித்த பிள்ளைகளே பலர் அறிந்திருக்க மாட்டார்கள்.

அமெரிக்காவில் நடப்பது

முதலில் வெளிநாட்டு நடைமுறை ஒன்றைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் ஒரு கட்சியின் வேட்பாளர் யார் என்பதைக் கட்சித் தலைமை மட்டும் தீர்மானிப்பதில்லை. பொதுத்தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்பு முதல்நிலைத் தேர்தல் நடக்கும். ஒரே கட்சியைச் சேர்ந்த பலர் அதில் போட்டியிடுவார்கள். அந்தந்த மாநில விதிப்படி மக்கள் வாக்களித்துத் தங்கள் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பார்கள். எத்தனை ஆண்டு பதவியில் இருந்தவரும் இதைத் தாண்டித்தான் வர வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எட் மார்க்கி என்ற செனட்டர் 1976 முதல் நாடாளுமன்றத்தில் இருந்து வந்தவர். 2020இல் அவருடைய சொந்தக் கட்சியிலேயே ஜோ கென்னடி எதிர்த்து நின்றார். புகழ்பெற்ற கென்னடி குடும்பத்து இளைஞர் அவர். "இத்தனை ஆண்டு இருந்தும் ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதே குறைவு" என்பது அவர் வைத்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. மார்க்கி தான் கொண்டுவந்த சட்டங்களையும் எடுத்த நிலைப்பாடுகளையும் மக்கள் முன் வைத்தார். சுமார் 55 சதவீத வாக்கு பெற்று அவரே வென்றார். 2012இல் இண்டியானா மாநிலத்தில் நடந்தது வேறு. 36 ஆண்டு செனட்டராக இருந்த ரிச்சர்ட் லூகர், சொந்தக் கட்சியின் முதல்நிலைத் தேர்தலிலேயே தோற்றுப்போனார்.

வென்றாலும் தோற்றாலும், பதவியில் இருப்பவர் தன் வேலைக்குக் கணக்கு சொல்ல வேண்டியிருந்தது. எதிர்க்கட்சிக்காரர் கேட்டால் அரசியல் என்று தட்டிக்கழிக்கலாம். சொந்தக் கட்சி வாக்காளர் கேட்டால் பதில் சொல்லித்தான் தீர வேண்டும்.

பூனாவில் பிறந்த முதல்நிலைத் தேர்தல்

இப்போது நம் வரலாற்றுக்கு வருவோம். 1932 ஆகஸ்டில் பிரிட்டிஷ் அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதி அறிவித்தது. தலித் பிரதிநிதியைத் தலித் மக்களே தேர்ந்தெடுக்கலாம் என்பது அதன் பொருள். காந்தி அதை எதிர்த்து எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். 1932 செப்டம்பர் 24 அன்று பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. அண்ணல் அம்பேத்கருடன், நம் மாகாணத்திலிருந்து ரெட்டமலை சீனிவாசனும் எம்.சி.ராஜாவும் அதில் கையெழுத்திட்டார்கள்.

தனி வாக்காளர் தொகுதி போனது. இடங்களின் எண்ணிக்கை கூடியது. சென்னை மாகாணத்துக்கு 18 ஆக இருந்தது 30 ஆனது. இதைப் பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். ஒப்பந்தத்தின் இன்னொரு பிரிவு அதிகம் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு தனித்தொகுதியிலும் முதலில் தலித் வாக்காளர்கள் மட்டும் வாக்களிப்பார்கள். அதில் அதிக வாக்கு பெறும் நால்வரே இறுதித் தேர்தலில் நிற்க முடியும். அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதி வாக்காளர்களும் சேர்ந்து தேர்ந்தெடுப்பார்கள். அதாவது, யார் உறுப்பினர் என்பதை ஊர் முடிவு செய்யும்; யார் யார் நிற்கலாம் என்பதைச் சேரி முடிவு செய்யும்.

1937 தேர்தலும் 1945-46 தேர்தலும் இந்த முறையில் நடந்தன. இதற்குப் பத்தாண்டுக் காலவரம்பு ஒப்பந்தத்திலேயே இருந்தது. பிறகு வந்த அரசியல் சட்டத்தில் தனித்தொகுதி தொடர்ந்தது. முதல்நிலைத் தேர்தல் தொடரவில்லை.

அந்த முறை குறையற்றது என்று சொல்ல முடியாது. நான்கு பேருக்கு மேல் நின்றால்தான் முதல்நிலைத் தேர்தலே நடக்கும். ஏழை வேட்பாளர் ஒரே இடத்துக்கு இரண்டு தேர்தல் செலவைத் தாங்க வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய குறையை அம்பேத்கரே எடுத்துச் சொன்னார். தலித் மக்களிடம் முதலிடம் பெற்றவர் இறுதித் தேர்தலில் தோற்பதும், அவர்களிடம் பின்தங்கியவர் மற்றவர்களின் வாக்கால் வெல்வதும் நடந்தன. முதல் வாக்கில் சேரி சொன்ன தீர்ப்பை இரண்டாம் வாக்கில் ஊர் மாற்றி எழுத முடிந்தது.

அம்பேத்கரே அந்தக் கணக்கில் சிக்கியவர். சுதந்திர இந்தியாவின் முதல் தேர்தலில், 1952இல், வட பம்பாய்த் தொகுதியில் அவர் நின்றார். அரசியல் சட்ட வரைவுக் குழுவின் தலைவர், முன்னாள் சட்ட அமைச்சர். அவரைத் தோற்கடித்தவர் காங்கிரஸ் நிறுத்திய இன்னொரு தலித் வேட்பாளரான நாராயண் கஜ்ரோல்கர்.

ஆனாலும் ஒன்றை மறக்க வேண்டாம். அந்த முறையில், இறுதிப் பட்டியலில் யார் பெயர் இருக்க வேண்டும் என்று தலித் வாக்காளரைக் கேட்க ஒரு நாள் இருந்தது. இன்று அந்த நாள் இல்லை.

நம் தொகுதியின் கதை

நம் பகுதிக்கு வருவோம். பட்டுக்குப் பெயர்போன திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி தனி மக்களவைத் தொகுதி, அது பொதுத்தொகுதி. ஆரணியாற்றங்கரையில் உள்ள நம் ஆரணி, திருவள்ளூர் தனித்தொகுதிக்குள் வருகிறது. கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர், பூந்தமல்லி, ஆவடி, மாதவரம் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது இது. இவற்றில் பொன்னேரியும் பூந்தமல்லியும் தனித்தொகுதிகள்.

1952இல் திருவள்ளூர் இரட்டை உறுப்பினர் தொகுதியாக இருந்தபோது வென்றவர்களில் ஒருவர் மரகதம் சந்திரசேகர். நேரு அரசில் துணை அமைச்சராகவும் இருந்தார். தொகுதி மறுவரையறைக்கு முன் நம் பகுதி ஸ்ரீபெரும்புதூர் தனித்தொகுதியில் இருந்தபோது, 1984, 1989, 1991 ஆகிய மூன்று தேர்தல்களில் அவரே வென்றார். 1991 மே 21 அன்று ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூர் வந்தது அவருக்கு வாக்கு கேட்கத்தான். நெடுங்காலம் பதவியில் இருந்த தலித் பெண் தலைவர் என்ற வகையில் அது பெருமைக்குரிய பொதுவாழ்வு. அதே நேரத்தில் ஒவ்வொரு முறையும் அவர் பெயரை முடிவு செய்த இடம் டெல்லி.

2009இல் திருவள்ளூர் தனித்தொகுதி மீண்டும் வந்தது. 2009, 2014 இரு முறையும் அ.தி.மு.க.வின் டாக்டர் பி.வேணுகோபால் வென்றார். 2019இல் காங்கிரசின் கே.ஜெயக்குமார் 3.56 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் அவரைத் தோற்கடித்தார். 2024இல் காங்கிரஸ், பதவியில் இருந்த ஜெயக்குமாருக்கு மறுபடி வாய்ப்பு தரவில்லை. ஐ.ஏ.எஸ். பதவியை விட்டு வந்த சசிகாந்த் செந்திலை நிறுத்தியது. அவர் 5.72 லட்சம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.

இந்த மாற்றம் சரியா தவறா என்பது இங்கே பேச்சு இல்லை. பதவியில் இருந்தவரை மாற்றலாம் என்று ஒரு கட்சி முடிவு செய்தபோது, அதற்கான காரணத்தை அறியவும் கருத்துச் சொல்லவும் நமக்கு ஒரு வழி இருந்ததா என்பதே கேள்வி. எந்தக் கட்சியிலும் அப்படி ஒரு வழி இல்லை. 2014இல் நாட்டில் சில தொகுதிகளில் மட்டும் காங்கிரஸ் முதல்நிலைத் தேர்தல் போல ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. அது வழக்கமாக வேரூன்றவில்லை.

தனித்தொகுதியில் இந்தக் குறை இரட்டிப்பாகிறது. 2011 கணக்கெடுப்பின்படி திருவள்ளூர் மாவட்டத்தில் பட்டியல் சாதியினர் நூற்றுக்கு 22 பேர். வேட்பாளர் தலித்தாக இருந்தாலும் அவரை வெல்ல வைக்கும் வாக்கில் பெரும்பகுதி மற்றவர்களுடையது. வேட்பாளர் ஆக்குவது கட்சித் தலைமை. இந்த இரண்டு பேருக்கும் கட்டுப்பட்ட ஒருவர், மயானப் பாதைத் தகராறிலோ பஞ்சமி நில விவகாரத்திலோ உரக்கப் பேசத் தயங்கினால் அது அவருடைய குணக்கேடு மட்டும் அல்ல. அவர் நிற்கும் இடமே அப்படி அமைந்திருக்கிறது. தலித் வாக்காளர் தரப்பிலிருந்தும் ஒரு கணக்குக் கேட்பு இருந்தால்தான் அவருக்கே பேசத் துணிவு வரும்.

வேலை என்றால் எது?

"செயல்பாடு" என்று பொதுவாகச் சொன்னால் எதையும் அளக்க முடியாது. கல்யாணத்துக்கு வந்தார், சாவுக்கு மாலை போட்டார் என்பதும் செயல்பாடாகிவிடும். நம் முன்னோடிகள் விட்டுச் சென்ற அளவுகோலைப் பார்ப்போம்.

1922இல் சென்னை சட்ட மேலவையில் எம்.சி.ராஜா எடுத்த முயற்சியால், இழிவாகப் பயன்படுத்தப்பட்ட சாதிப் பெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயர் அரசு ஆவணத்தில் ஏறியது. 1924இல் ரெட்டமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொதுச்சாலை, கிணறு, குளம், பொது இடங்கள் எல்லாருக்கும் உரியவை என்று அரசைச் சொல்ல வைத்தது. இரண்டு பேரும் நியமன உறுப்பினர்களாக அவைக்குள் போனவர்கள். இருந்தும் நூறு ஆண்டு கழித்து இன்ன ஆண்டில் இன்ன வேலை செய்தார்கள் என்று விரல் விட்டுச் சொல்ல முடிகிறது.

ராஜாவும் கேள்விக்கு அப்பாற்பட்டவராக இருக்கவில்லை. 1927 முதல் பத்தாண்டு மத்திய சட்டசபையில் இருந்த மூத்த தலைவர் அவர். 1932இல் மூஞ்சேயுடன் கூட்டுத்தொகுதிக்கு ஒப்பந்தம் செய்தபோது, அம்பேத்கரும் ரெட்டமலை சீனிவாசனும் எதிர்த்தரப்பில் நின்றார்கள். அவர் யாருக்காகப் பேசுகிறார் என்று ஒடுக்கப்பட்ட மக்களின் அமைப்புகளே கேட்டன. 1938இல் அதே ராஜா சென்னை சட்டமன்றத்தில் கோயில் நுழைவு மசோதா கொண்டுவந்தார். ராஜாஜி அரசு ஆதரிக்கவில்லை, மசோதா தோற்றது. கோயில் நுழைவுச் சட்டம் மாகாணம் முழுவதற்கும் வர 1947 ஆக வேண்டியிருந்தது. உறுப்பினர் நல்லவராக இருந்தால் மட்டும் போதாது, அவருக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்பதும் சேர்ந்ததுதான் செயல்பாடு என்று அந்தத் தோல்வி காட்டுகிறது.

அண்மைக் கால உதாரணமும் உண்டு. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் தளர்த்தியது. ஏப்ரல் 2 அன்று நாடு முழுவதும் தலித் மக்கள் தெருவில் இறங்கினார்கள். கட்சி வேறுபாடின்றித் தலித் எம்.பி.க்களிடமிருந்தும் அழுத்தம் வந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நாடாளுமன்றம் திருத்தம் கொண்டுவந்து சட்டத்தின் பலத்தை மீட்டது. வீதியும் அவையும் ஒரே நேரத்தில் பேசினால் ஐந்தே மாதத்தில் சட்டம் மாறும்.

நம் பக்கத்து தேர்வாய்கண்டிகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். மாடு மேய்த்த, விறகு பொறுக்கிய ஆயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் சிப்காட்டுக்குப் போனபோது ஊரே எதிர்த்தது. அங்கே பிரெஞ்சு டயர் நிறுவனமான மிஷலின் வந்தது. 2012இல் கிராமத்துச் சங்கம் மற்ற அமைப்புகளுடன் சேர்ந்து, பன்னாட்டு நிறுவனங்கள் மீதான புகார்களை விசாரிக்கும் பிரான்ஸ் நாட்டு அமைப்பிடம் முறையிட்டது. கும்மிடிப்பூண்டி வட்டத்துக் கிராமம் ஒன்று தன் குறையைச் சொல்லப் பாரிஸ் வரை கதவு தட்ட வேண்டியிருந்தது. சென்னையும் டெல்லியும் அதைவிடப் பக்கம்தானே?

கேட்க வேண்டிய ஐந்து

முதல்நிலைத் தேர்தல் நம் கையில் இல்லை. கணக்கு கேட்கும் உரிமை இருக்கிறது. அதற்குக் கட்சி வேண்டாம், பணமும் அதிகம் வேண்டாம். ஊருக்கு இரண்டு கல்லூரி மாணவர்கள் போதும்.

ஒன்று: அவையில் என்ன பேசினார்? மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைத் தேடினால் அவர் கேட்ட கேள்விகளும் அமைச்சர் தந்த பதில்களும் இருக்கின்றன. அவற்றில் நம் தொகுதியைப் பற்றியவை எத்தனை, பட்டியல் சாதி, பழங்குடி மக்களைப் பற்றியவை எத்தனை என்று பிரித்து எழுதுங்கள்.

இரண்டு: தொகுதி நிதி எங்கே போனது? எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி ரூபாய்க்குப் பணிகளைப் பரிந்துரைக்கும் உரிமை உண்டு. அதில் 15 சதவீதம் பட்டியல் சாதியினர் வாழும் பகுதிக்கும், 7.5 சதவீதம் பழங்குடியினர் பகுதிக்கும் என்பது வழிகாட்டு விதி. 5 கோடியில் 15 சதவீதம் 75 லட்சம். ஐந்து ஆண்டுக்கு 3 கோடியே 75 லட்சம். அந்தப் பணம் எந்தக் காலனியில் எந்த வேலையாக நிற்கிறது? நேர்மையாகக் கேட்க வேண்டும் என்றால் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கொரோனா காலத்தில், 2020 ஏப்ரல் முதல் 2021 நவம்பர் வரை இந்த நிதி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அந்தக் காலத்துக்கு அவரைக் குறை சொல்ல முடியாது.

மூன்று: கண்காணிப்புக் குழுவுக்குப் போனாரா? வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995இன் 17ஆவது விதிப்படி, ஆட்சியர் தலைமையில் மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும். எம்.பி.யும் எம்.எல்.ஏ.க்களும் அதில் உறுப்பினர்கள். ஓராண்டில் கூட்டம் எத்தனை முறை நடந்தது, யார் யார் வந்தார்கள், எந்த வழக்கைப் பற்றிப் பேசினார்கள்?

நான்கு: "திஷா" கூட்டம் நடத்தினாரா? மத்திய அரசுத் திட்டங்களை ஆய்வு செய்யும் மாவட்டக் குழு இது. எம்.பி.தான் தலைவர். நூறு நாள் வேலைச் சம்பளம், வீட்டு வசதி, குடிநீர் எல்லாம் அங்கே பேசப்பட வேண்டியவை.

ஐந்து: சிப்காட்டில் நம் பிள்ளைகளுக்கு என்ன வழி செய்தார்? ஒப்பந்தத் தொழிலாளியாக எத்தனை பேர், நிரந்தரமாக எத்தனை பேர், தொழிற்பயிற்சி எத்தனை பேருக்கு என்று அரசிடம் அவர் கேட்டு வாங்கிய விவரம் ஏதாவது உண்டா?

இவற்றில் பெரும்பாலானவற்றைத் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்டு வாங்கலாம். வறுமைக்கோட்டுப் பட்டியலில் உள்ளவருக்கு அதுவும் இல்லை. கேட்கும்போது எம்.பி. வேலை எது, எம்.எல்.ஏ. வேலை எது, பேரூராட்சி வேலை எது என்று பிரித்துக்கொள்வது நல்லது. தெருவிளக்கு எரியவில்லை என்று எம்.பி.யைக் கேட்டால் அவர் எளிதாகத் தப்பிவிடுவார்.

கிடைத்த விவரத்தை ஒரு தாளில் எழுதி கிராம சபையில் படிக்கலாம். பேரூராட்சிப் பகுதியில் தெருக்கூட்டத்தில் படிக்கலாம். நன்றாக வேலை செய்திருந்தால் அதையும் சொல்லிப் பாராட்டுங்கள். பிறகு தேர்தல் அறிவிப்புக்கு ஓராண்டு முன்பே, எல்லாக் கட்சிகளின் மாவட்டச் செயலாளர்களுக்கும் அந்தத் தாளை அனுப்புங்கள். வேட்பாளர் நேர்காணலில் உட்காருபவர்கள் கையில் நம் கணக்கும் இருக்கட்டும். பதவியில் இருப்பவரை எதிர்த்துச் சீட்டு கேட்கும் இளைஞர் ஒருவர் நம்மிடையே இருந்தால், அவர் கையிலும் கொடுங்கள். "எனக்கும் வாய்ப்பு கொடுங்கள்" என்பதைவிட, "இந்த ஐந்தும் நடக்கவில்லை, நான் செய்வேன்" என்பது பலமான பேச்சு.

இதற்கு ஒரு காலக்கெடுவும் இருக்கிறது. சட்டமன்றத்திலும் மக்களவையிலும் தனித்தொகுதி முறை நிரந்தரமானது அல்ல. அரசியல் சட்டம் முதலில் பத்தாண்டுக்குத் தந்தது. பத்துப் பத்தாண்டாக நீட்டிக்கப்பட்டு வருகிறது. 104ஆவது திருத்தப்படி இப்போதைய வரம்பு 2030 ஜனவரி 25. அதை நீட்டிக்கும் பேச்சு வரும்போது, "இத்தனை ஆண்டு தனித்தொகுதி உறுப்பினர்கள் என்ன செய்தார்கள்?" என்று இந்த ஒதுக்கீட்டை விரும்பாதவர்கள் கேட்பார்கள். அன்று அவர்களுக்குச் சொல்லப் பதில் வேண்டுமானால், இன்று நம் உறுப்பினர்களிடம் கணக்கு கேட்பது நாமாக இருக்க வேண்டும்.